பின்னணியில் நிற்கும் தோட்டம்

மிரர்லெஸ் கேமரா வாங்கியவர்கள் முதலில் நம்புவது, வ்யூஃபைண்டரில் தெரிவதுதான் படமாக வரும் என்பதை. அது பாதிதான் உண்மை. வெளிச்சத்தையும் நிறத்தையும் கேமரா முன்கூட்டியே காட்டிவிடும். எங்கிருந்து எதுவரை தெளிவாக இருக்கும் என்கிற புல ஆழத்தை, நாம் பேச்சில் ‘டெப்த் ஆஃப் ஃபீல்டு’ என்று சொல்வதை, பல கேமராக்கள் படம் எடுக்கும் நொடிவரை காட்டுவதில்லை. கேனன் ஆர் வரிசையில் வழக்கமாக லென்ஸின் துளை முழுக்கத் திறந்தே இருக்கும். நிக்கான் இசட் வரிசை எஃப் 5.6 வரை மூடிக் காட்டும், அதைத் தாண்டாது. ஆட்டோஃபோகஸுக்கு நிறைய ஒளி வேண்டும், அதனால்தான். உள்ளதை உள்ளபடி பார்க்க இதற்கென்று ஒரு பொத்தானை ஒதுக்கி அழுத்தணும்.

பேராக்கின் பழைய ரப்பர் தோட்டங்களைப் படமெடுக்கத் தொடங்கிய பிறகுதான் இந்தப் பொத்தானுக்குப் பின்னால் ஒரு வரலாறு இருப்பது எனக்கு உறைத்தது.

நூறு வருஷத்துக்கு முந்தைய மரக் கேமராவில் இந்த மறைப்பே கிடையாது. முக்காலியில் நின்ற பெட்டியின் பின்னால் கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்தால், தேய்த்த கண்ணாடியில் காட்சி தலைகீழாக விழும். துளையைச் சுருக்கச் சுருக்க தூரத்து மரங்கள் தெளிவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். காட்சி இருண்டுகொண்டே போகும், அது ஒன்றுதான் தொல்லை. சுமத்ராவின் மேடானில் தொழில் நடத்திய ஜெர்மானியர் கிளெய்ங்ரோத்தே 1907 வாக்கில் மலாயாத் தீபகற்பத்தைப் படத்தொகுப்பாக வெளியிட்டது அந்தப் பெட்டிக் கேமராக்களின் காலத்தில்தான். ரயில்பாதை, ஈயச் சுரங்கம், ரப்பர் எல்லாம் அதில் உண்டு.

அந்தக் காலத் தோட்டப் படங்கள் பெரும்பாலும் சொத்தைக் காட்டுவதற்காக எடுக்கப்பட்டவை. நேர்க்கோட்டில் நட்ட மரங்கள் கடைசி வரிசைவரை தெளிவாக விழ வேண்டும். அதற்காகத் துளையைச் சுருக்கினார்கள். சுருங்கிய துளைக்குத் துரை, கூலி என்ற பேதம் தெரியாது. மரத்தின் பருமனைக் காட்ட அடிமரத்தில் நிறுத்தப்பட்ட பால்வெட்டுப் பெண்ணின் வாளியும், தூக்கிச் செருகிய சேலையும், வெறுங்காலும் மரத்தோடு சேர்ந்தே பதிந்துவிடும். படத்துக்குக் கீழே அவள் பெயர் இருக்காது. ஆனால் அவள் நின்ற மண் இருக்கும். இன்று அந்தப் படங்களை உற்றுப் பார்க்கும் நமக்கு அதுவே பெரிய சொத்து.

1948 ஜூன் 16ஆம் தேதி சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்டங்களில் மூன்று ஐரோப்பியத் துரைமார்கள் கொல்லப்பட்டார்கள். அவசரகாலம் வந்தது. அதே ஆண்டு தொடங்கிய பதிவில், 12 வயதைத் தொட்ட எல்லோருக்கும் படமும் பெருவிரல் ரேகையும் கொண்ட அடையாள அட்டை கட்டாயமானது. டவுன் ஸ்டுடியோ வாசலை மிதித்தே இராத பலருக்கு வாழ்நாளின் முதல் படம் அந்த ஐசி படம்தான். அதில் புல ஆழத்துக்கு வேலையே இல்லை. முகம், முகத்துக்குப் பின்னால் வெறுமை. லயம் இல்லை, பால்மரம் இல்லை, மாரியம்மன் கோயில் இல்லை. அரசாங்கத்துக்கு வேண்டியது முகம் மட்டும்.

இன்றைக்கு நாமே விரும்பி அதைச் செய்கிறோம், அழகு என்று சொல்லி. 85 மில்லிமீட்டர் லென்ஸை எஃப் 1.8இல் திறந்துவைத்து மூன்று மீட்டரில் நிற்பவரை எடுத்தால், தெளிவான பகுதி ஒரு சாண்கூட இராது. சுருக்கம் விழுந்த கிழவி முகம், பின்னால் பச்சைக் குழம்பு. இன்ஸ்டாகிராமில் லைக் குவியும். அது பேராக்கா, ஜொகூரா, தஞ்சாவூரா? யாருக்குத் தெரியும்!

சுங்கை சிப்புட் பக்கம் ஒரு பழைய தோட்டத்தில், பல வருஷம் மரம் வெட்டிய ஒருவரை நானும் அப்படித்தான் எடுக்கப் போனேன். அவர் திரும்பிப் பார்த்துக் கேட்டார்: “தம்பி, எங்க லயம் அந்தச் செம்பனைக்குப் பின்னாலதான் இருந்துச்சு. அந்த எடம் படத்துல வருமா?”

“வரும்ண்ணே,” என்றேன்.

வ்யூஃபைண்டரில் அது வரவில்லை. லென்ஸை மாற்றினேன். 35 மில்லிமீட்டர், எஃப் 8, ஐந்து மீட்டரில் குவியம். ஃபுல் ஃபிரேம் கேமராவில் இந்தக் கணக்குக்கு ஏறக்குறைய இரண்டரை மீட்டரிலிருந்து தொடுவானம்வரை எல்லாமே தெளிவு. பொத்தானை அழுத்தியதும் அவருக்குப் பின்னால் செம்பனை மட்டைகள் ஒவ்வொன்றாக எழுந்தன. அவற்றுக்கு இடையே கொஞ்சம் மேட்டு நிலம், அதில் ஒரு பழைய மாமரம். “அதான், அதான். எங்கம்மா வச்ச மரம்,” என்றார் பின்பக்கத் திரையைப் பார்த்து.

பழைய எஸ்எல்ஆரில் இதே வேலையைச் செய்யும் நெம்புகோலைத் தள்ளினால் வ்யூஃபைண்டர் இருண்டுவிடும், மாமரத்தைத் தேடவே முடியாது. மிரர்லெஸ் இருட்டை ஈடுகட்டி வெளிச்சமாகவே காட்டுகிறது. இதன் நிஜமான லாபம் இதுதான் என்பேன். ஒன்று மட்டும் கவனம்: சின்னத் திரையில் எல்லாமே தெளிவாக இருப்பதுபோல் ஏமாற்றும். பொத்தானை அழுத்தியபடியே பெரிதாக்கி, பின்னணியின் ஓரத்தைப் பார்த்துவிடுங்கள்.

பத்து காஜா அருகே கெல்லிஸ் காசலுக்குப் போகிறவர்கள் கோட்டையை மட்டும் எடுத்துத் திரும்புகிறார்கள். ஸ்காட்லாந்துக்காரர் வில்லியம் கெல்லி ஸ்மித் முடிக்காமலே 1926இல் லிஸ்பனில் இறந்துபோன மாளிகை அது. கட்டுமான நாட்களில் விஷக் காய்ச்சல் ஆட்களை அள்ளிக்கொண்டு போக, தமிழ்த் தொழிலாளர்கள் கேட்டு வாங்கிய மாரியம்மன் கோயில் பக்கத்திலேயே இருக்கிறது. அதன் மேலே தெய்வ உருவங்களோடு துரையின் உருவத்தையும் சேர்த்து வைத்தார்கள். அன்பா, நன்றியா, மெல்லிய கேலியா என்று எனக்குள் இன்னும் வழக்கு ஓடுகிறது. அந்தக் கூட்டுப் படத்தைச் சட்டகம் கட்டியவர்கள் கூலிக்காரர்கள். துரை அதில் ஒரு ஓரம்.