ஜக்கார்டு அட்டை (காஞ்சிபுரம் பட்டுத்தறி)

சேலையின் கரையிலும் முந்தானையிலும் எந்தப் பாவு இழை எப்போது மேலே எழவேண்டும் என்று தறிக்குச் சொல்லும் துளையிட்ட அட்டை. பிரான்சின் லியோன் நகரில் ஜோசப் மரீ ஜக்கார்டு 1804-இல் உருவாக்கிய பொறியோடு வந்தது. அந்தப் பொறி வருமுன் காஞ்சிபுரத்தில் நூல் முடிச்சுகளால் கட்டிய 'அடை'யே வடிவத்தை நினைவில் வைத்திருந்தது.

கட்டத்தாளில் வரைந்த அன்னமோ யாளியோ ஒவ்வொரு வரியாக அட்டைக்கு மாறும். ஓர் ஊடை இழைக்கு ஓர் அட்டை. துளை இருந்தால் ஊசி உள்ளே நுழையும், கொக்கி பாவைத் தூக்கும். துளை இல்லையென்றால் ஊசி பின்தள்ளப்படும், இழை கீழேயே கிடக்கும். கணினி மொழியில் கட்டத்தாள் மூலநிரல், அட்டை இயந்திர நிரல், அட்டை அடிப்பவரே கம்பைலர். இது வெறும் உவமை அன்று: கணினியின் முன்னோடி சார்லஸ் பாபேஜ் தம் பகுப்புப் பொறிக்குத் துளையட்டையை ஜக்கார்டின் தறியிலிருந்தே எடுத்தார்.

ஒரு வடிவத்தின் புதிய பதிப்பு என்பது இங்கே பெரும்பாலும் சில்லறைத் திருத்தம்தான். மயிலின் கழுத்தை வளைக்க வேண்டுமானால் அந்த வரிகளுக்குரிய அட்டைகளை மட்டும் புதிதாக அடித்து, வரிசை எண் பிசகாமல் நூலால் கோத்துவிடுவார்கள். எண் மாறினால் மயிலின் தலை இடம்பெயரும். என்ன மாறியது என்பதற்குத் திருத்திய கட்டத்தாளே பதிவேடு. அது தொலைந்தால் அட்டைத் துளைகளைப் பார்த்துப் படத்தை மீட்கவேண்டியதுதான்.

மின்னணு ஜக்கார்டில் அட்டைக்கு இடமில்லை. வடிவம் கோப்பாகவே போகிறது. ஆனால் உடலையும் கரையையும் வேறு வேறு நாடாக்களால் பிணைக்கும் கோர்வைக்கு இன்னும் நெசவாளரின் கைதான் வேண்டும்.