ஈய எழுத்தும் நம் கம்பாசிட்டரும்



போன வாரம் என்னிடம் படித்த ஒரு பெண் போனில் பேசினாள். மொழிபெயர்ப்பு வேலை பார்க்கிறாள். "இனி எல்லாவற்றையும் கம்ப்யூட்டரே மொழிபெயர்த்துவிடும் என்கிறார்கள் சார். இருபது வருஷமாகக் கற்றது வீண்தானா?" என்று கேட்டாள். சட்டென்று பதில் வரவில்லை. இரவு படுத்தபோது நினைவுக்கு வந்தவர், நம் பள்ளி ஆண்டு மலரை அச்சுக்கோத்த கம்பாசிட்டர்.

பழைய மாணவர்களுக்கு அந்த அச்சகம் நினைவிருக்கும். சின்னச் சின்ன அறைகளாகத் தடுத்த மரக் கேஸ் முன்னால் நின்றுகொண்டே வேலை செய்வார். கண் கையெழுத்துப் பிரதியில் இருக்கும். கை தானாக ஈய எழுத்தை எடுத்து ஸ்டிக்கில் அடுக்கும். எழுத்துகள் இடம் வலம் மாறியிருக்கும். அவர் அவற்றைத் தலைகீழாகவே படிப்பார். அச்சாகி முடிந்ததும் ஒவ்வோர் எழுத்தையும் பிரித்து அதனதன் அறையில் போட வேண்டும். 1978-இல் அரசு எழுத்துச் சீர்திருத்தம் கொண்டுவந்தபோது ணா, றா, னா, ணை, லை முதலிய 13 எழுத்துகளின் பழைய வடிவம் போனது. நான் கரும்பலகையில் புது வடிவம் எழுதிக்காட்டத் தடுமாறினேன். அவர், "எங்களுக்குக் கேஸில் சில அறை மிச்சம் சார்" என்று சிரித்தார்.

1985-இல் மேல்நாட்டில் பேஜ்மேக்கர் மென்பொருளும் லேசர் அச்சும் வந்தன. ஆனால் அதற்கு முன்பே அங்கே ஈயம் விடைபெறத் தொடங்கியிருந்தது. நியூயார்க் டைம்ஸ் 1978 ஜூலையில் ஈய அச்சுக்கோப்பை நிறுத்தியது. அதற்கு நான்கு ஆண்டுகள் முன்பே, 1974-இல், தொழிற்சங்கத்துடன் ஓர் ஒப்பந்தம் ஆகியிருந்தது. புது இயந்திரங்களைச் சங்கம் ஏற்றுக்கொண்டது. அச்சுக்கோப்பவர்களுக்கு ஆயுள் முழுக்க வேலை உறுதி செய்யப்பட்டது. லண்டனில் நடந்தது வேறு. 1986 ஜனவரியில் ரூபர்ட் மர்டாக்கின் பத்திரிகைகள் வாப்பிங் என்ற இடத்தில் இருந்த புது அச்சகத்துக்கு மாறின. வேலைநிறுத்தம் செய்த 5,000-க்கும் மேற்பட்டவர்கள் நீக்கப்பட்டார்கள். ஓராண்டு போராடியும் பழைய வேலை திரும்பக் கிடைக்கவில்லை. இயந்திரம் ஒன்றுதான், மனிதர்களை நடத்திய விதம் வேறு.

நம் ஊரில் ஒப்பந்தமும் இல்லை, போராட்டமும் இல்லை. என்னைப் போன்றவர்கள் ஆர்டரை மாற்றிக் கொடுத்தோம், அவ்வளவுதான். 1995 ஆண்டு மலரை நான் டி.டி.பி. சென்டரில் கொடுத்தேன். செலவு குறைவு, வேகம் அதிகம். அவரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அது என் தவறு.

மலர் வெளியான மறுவாரம் அவரே வீட்டுக்கு வந்தார். கோபிக்கவில்லை. கையில் மலர், பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு மைச் சுழிப்பு. ரகர றகரக் குழப்பம், விட்டுப்போன ஒற்று, வரி முடிவில் தப்பாக உடைந்த சொல். இத்தனை வருடம் என் கட்டுரைகளில் இருந்த ஒற்றுப் பிழைகளையும் அவர்தான் சத்தமில்லாமல் திருத்தியிருக்கிறார் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. தமிழாசிரியன் நான்!

அவரை டி.டி.பி. சென்டருக்கு அழைத்துப் போனேன். கீபோர்டு அவருக்குக் கைவரவில்லை. டைப்ரைட்டிங் ஹையர் முடித்த பெண்களுக்கு அது எளிதாக இருந்தது. அன்றைய தமிழ் எழுத்துருக்கள் பலவும் தட்டச்சுப் பலகை முறையில்தான் இருந்தன. ஆனால் புரூஃப் பார்க்க அவரை மிஞ்ச ஆள் இல்லை. ஓர் எழுத்துருவில் அடித்ததை இன்னொன்றில் திறந்தால் எழுத்தெல்லாம் சிதறிய காலம் அது. அங்கும் அவர் கண்தான் காப்பாற்றியது. அந்த நாற்காலியில் பல வருடம் இருந்தார். கூலி முன்பைவிடக் குறைவு என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

மகளே, உனக்கு என் பதில் இதுதான். அவருடைய கைவேலை போனது. கண்ணும் மொழியறிவும் போகவில்லை. ஆனால் அந்த அறிவு இருந்தால் மட்டும் போதவில்லை, உட்கார ஒரு நாற்காலியும் வேண்டியிருந்தது. உன் அறிவு எங்கே தேவைப்படுகிறது என்று தேடு, சுழித்த பக்கத்தோடு போய்க் கதவைத் தட்டு.

முதலாளிகளாகவும் அதிகாரிகளாகவும் இருக்கும் என் மாணவர்களுக்கு ஒன்று. ஆர்டரை மாற்றுமுன் பழைய ஆளிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். நான் சொல்லவில்லை, அது இன்னும் உறுத்துகிறது.

எல்லோரும் நலமாக இருங்கள்.