புரோட்டான் மட்டும் போதுமா?

ஜிப்மரில் முதலாண்டு மருத்துவம் படிப்பவர், செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்டிரியா, செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபியைச் செய்யும் விதத்தை 1961இல் பீட்டர் மிட்செல் வகுத்த வழியிலேயே படிக்கிறார். அதே வேலைக்கு டெல்லி ஐஐடியின் சுனில் நாத் முன்வைக்கும் மாதிரி வேறு. இரண்டையும் ஒன்றாகப் படித்தால்தான் சிக்கல் எங்கே என்று புரியும்.

உணவிலிருந்து வரும் எலக்ட்ரான்கள் ஆக்சிஜனைச் சேரும்போது கிடைக்கும் ஆற்றல், உட்சவ்வுக்கு வெளியே புரோட்டான்களைத் தள்ளுகிறது. அவை ஏடிபி சிந்தேஸ் என்ற நொதி வழியே திரும்புகையில் அதன் நடுத்தண்டு சுழல்கிறது. மிட்செலுக்குச் சவ்வின் இருபுறமும் உள்ள மின்னழுத்த, அமிலத்தன்மை வேறுபாடே உந்துவிசை. இந்த ஆற்றல் பெரும்பாலும் உருவான ஏடிபியை நொதியிலிருந்து விடுவிக்கவே செலவாகிறது என்றார் உயிர்வேதியியலாளர் பால் பாயர்.

நாத் இந்த இருவரின் கருத்தையும் மறுக்கிறார். புரோட்டானோடு ஓர் எதிர்மின் அயனியும் (மைட்டோகாண்டிரியாவில் சக்சினேட்) சேர்ந்தே கடக்கிறது. மொத்தத்தில் மின்சுமை மாறுவதில்லை. ஆற்றல் தண்டில் முறுக்காகச் சேர்ந்து, ஏடிபியை உருவாக்கவே பயன்படுகிறது என்பது அவர் வாதம்.

சான்றுகளைப் பார்ப்போம். 1966இல் ஜாகன்டார்ஃபும் யூரிபேயும் ஒளிச்சேர்க்கை நடக்கும் பசுங்கணிகங்களின் சவ்வுகளை அமிலத்தில் ஊறவைத்து, இருட்டிலேயே காரக் கரைசலுக்கு மாற்றினார்கள், ஏடிபி உண்டானது. மிட்செலுக்குப் பெரும் வெற்றி. ஆனால் ஊறவைத்த அமிலம், சக்சினேட் அயனியைத் தரும் சக்சினிக் அமிலம்! அது உள்ளே புரோட்டான்களைச் சேர்த்துவைக்க மட்டுமே உதவியது என்பது வழக்கமான விளக்கம். நாத்தின் கண்ணால் பார்த்தால் அந்த அயனியையும் கணக்கில் எடுக்க வேண்டியிருக்கும். இந்த இடத்தில் அவர் கேள்வி நியாயமானது.

1974ஆம் ஆண்டுச் சோதனை அப்படியல்ல. ராக்கரும் ஸ்டோக்கினியஸும் செயற்கைக் கொழுப்புக் குமிழிகளில் மாட்டு இதய மைட்டோகாண்டிரியாவின் நொதியையும், ஒளிபட்டால் புரோட்டானைத் தள்ளும் ஊதா நிறப் புரதத்தையும் பதித்தார்கள். மரக்காணம் போன்ற உப்பளங்களின் செறிந்த உப்புநீரில் வாழும் நுண்ணுயிர் வகையின் புரதம் அது. எலக்ட்ரான்களைக் கடத்தும் சுவாசச் சங்கிலியே இல்லாத அந்தக் குமிழிகளில், ஒளி பட்டதும் ஏடிபி உண்டானது. புரோட்டானே இணைப்பு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

ஆகவே இன்றைய நிலையில் மிட்செல் பக்கமே கனமானது. ஆனால் நாத்தின் மாதிரியை மேற்கோளாகச் சொல்லிவிட்டுக் கடந்துபோக வேண்டாம். இரண்டாம் அயனியை நீக்கியும் சேர்த்தும் அளக்கும் சோதனையை நம் பல்கலைக்கழக ஆய்வகங்கள் எடுத்துச் செய்ய வேண்டும்.