சோப்பா – பிப்பா எதிர்ப்புப் போராட்டம் (2012)

இணையத் தணிக்கைக்கு வழிவகுப்பவை எனக் கருதப்பட்ட இரு அமெரிக்கப் பதிப்புரிமை மசோதாக்களை எதிர்த்து, 2012 ஜனவரி 18 அன்று விக்கிப்பீடியா, ரெடிட் உள்ளிட்ட பல்லாயிரம் இணையதளங்கள் நடத்திய போராட்டம். பிரதிநிதிகள் அவையின் மசோதா ‘சோப்பா’ என்றும் செனட் அவையின் மசோதா ‘பிப்பா’ என்றும் சுருக்கமாக அழைக்கப்பட்டன. வணிகர்கள் நடத்தும் கடையடைப்பைப் போல, தளங்கள் தம் சேவையைத் தாமே நிறுத்திக்கொண்டது இப்போராட்டத்தின் தனித்தன்மை.

முன்னோடிகள்

இணையத்தில் ‘ஒழுங்கீனமான’ பதிவுகளுக்குச் சிறைத்தண்டனை விதிக்கும் பிரிவுகளைக் கொண்ட சட்டத்தில் 1996 பிப்ரவரி 8 அன்று அதிபர் பில் கிளின்டன் கையெழுத்திட்டார். அதைக் கண்டித்துப் பல தளங்கள் 48 மணி நேரம் தம் பக்கங்களின் பின்னணியைக் கறுப்பாக்கின. அப்பிரிவுகளை 1997 ஜூன் 26 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் செல்லாதவையாக்கியது. 1996 போராட்டத்தில் மாறியது நிறம் மட்டுமே; பக்கங்களைப் படிக்க முடிந்தது. 2011 அக்டோபரில் இத்தாலிய விக்கிப்பீடியா ஒரு படி மேலே சென்றது. புகார் வந்த 48 மணி நேரத்துக்குள் மறுப்பை வெளியிட்டாக வேண்டும் என்ற மசோதாவை எதிர்த்துத் தன் கட்டுரைகள் அனைத்தையும் மறைத்தது.

மசோதாக்கள்

உரிமையாளர் புகார் செய்தால் குறிப்பிட்ட பதிவை நீக்கிவிடும் தளத்துக்கு 1998ஆம் ஆண்டுச் சட்டம் பாதுகாப்பு அளித்தது. வெளிநாட்டுத் திருட்டுத் தளங்களை அச்சட்டம் எட்டவில்லை என்பது திரைப்பட, இசை நிறுவனங்களின் குறை. இதற்காக செனட்டர் பேட்ரிக் லீஹி 2010இல் கொண்டுவந்த மசோதாவை செனட்டர் ரான் வைடன் தடுத்து நிறுத்தினார். அதன் மறுவடிவமாக 2011 மே 12 அன்று பிப்பாவும், அக்டோபர் 26 அன்று பிரதிநிதிகள் அவை உறுப்பினர் லாமர் ஸ்மித் முன்மொழிந்த சோப்பாவும் வந்தன.

இம்மசோதாக்களின்படி, நீதிமன்ற ஆணை பெற்றால் ஒரு வெளிநாட்டுத் தளத்தின் முகவரியை இணைய சேவை நிறுவனங்கள் முடக்க வேண்டும். தேடுபொறிகள் அதன் இணைப்புகளை நீக்க வேண்டும். பணப்பரிமாற்ற, விளம்பர நிறுவனங்கள் அதனுடன் தொடர்பை அறுக்க வேண்டும். எதிர்ப்பு இரு திசைகளிலிருந்து வந்தது. தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ் அமைப்பு பொய்யான பதில் தரத் தொடங்கினால், மோசடியைத் தடுக்க உருவாக்கப்பட்டு வந்த பாதுகாப்பு முறையே குலையும் என்று பொறியாளர்கள் எச்சரித்தனர். பயனர் ஒருவர் செய்த பிழைக்காக முழுத் தளமும் முடங்கலாம் என்பது நிறுவனங்களின் அச்சம்.

போராட்டம்

நாடாளுமன்றக் குழு விசாரணை நடந்த 2011 நவம்பர் 16 அன்று கூகுள், ஃபேஸ்புக், ட்விட்டர் முதலான நிறுவனங்கள் ‘நியூயார்க் டைம்ஸ்’ இதழில் முழுப்பக்க விளம்பரம் வெளியிட்டன. டம்ப்ளர் தளம் வழியாக நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு 87,000க்கு மேற்பட்ட தொலைபேசி அழைப்புகள் சென்றன. சோப்பாவை ஆதரித்த, இணையதளப் பெயர்களைப் பதிவு செய்யும் கோடேடி நிறுவனம், வாடிக்கையாளர்கள் வெளியேறத் தொடங்கியதும் டிசம்பரில் ஆதரவை விலக்கிக்கொண்டது. ஜனவரி நடுவில் முகவரி முடக்கப் பிரிவைக் கைவிடுவதாக ஸ்மித் அறிவித்தும் எதிர்ப்பு ஓயவில்லை.

ரெடிட் 12 மணி நேர மூடலை அறிவித்ததும் பார்வை விக்கிப்பீடியா பக்கம் திரும்பியது. நடுநிலை காக்க வேண்டிய கலைக்களஞ்சியம் அரசியலில் இறங்கலாமா என்று அதன் பயனர்கள் விவாதித்தனர். சுமார் 1,800 பேர் கருத்துச் சொன்ன பிறகு 24 மணி நேர மூடல் முடிவானது. கட்டுரைகள் நடுநிலையானவை, ஆனால் விக்கிப்பீடியா இருப்பதே நடுநிலையான செயல் அல்ல என விக்கிமீடியா அறக்கட்டளையின் செயல் இயக்குநர் சூ கார்ட்னர் விளக்கினார்.

ஜனவரி 18 அன்று ஆங்கில விக்கிப்பீடியாவின் கறுப்புப் பக்கத்தைக் கண்டவர்கள் சுமார் 16.2 கோடிப் பேர். அஞ்சல் குறியீட்டை இட்டால் தொகுதி உறுப்பினரின் தொலைபேசி எண்ணைக் காட்டும் வசதியும் அதில் இருந்தது. அதைச் சுமார் 80 லட்சம் பேர் பயன்படுத்தினர். கூகுள் திறந்தே இருந்தது. தன் சின்னத்தை மட்டும் கறுப்புப் பட்டையால் மறைத்து 70 லட்சம் கையெழுத்துகளைத் திரட்டியது.

விளைவுகள்

பிப்பாவின் இணை முன்மொழிவாளரான மார்கோ ரூபியோ உள்ளிட்ட செனட்டர்கள் அன்றே ஆதரவை விலக்கினர். ஜனவரி 20 அன்று செனட் பெரும்பான்மைத் தலைவர் ஹாரி ரீட் வாக்கெடுப்பைத் தள்ளிவைத்தார். ஸ்மித்தும் சோப்பாவை நிறுத்தினார். இரண்டும் பிறகு வாக்கெடுப்புக்கே வரவில்லை. இதற்கிடையே ஜனவரி 19 அன்று மெகாஅப்லோடு என்ற கோப்புப் பகிர்வுத் தளத்தை அமெரிக்க அரசு முடக்கியது. அதற்கு நடப்பில் இருந்த சட்டங்களே போதுமானவையாக இருந்தன.

அதே ஆண்டு, கள்ளப்பொருள் தடுப்புக்கான ‘ஆக்டா’ பன்னாட்டு ஒப்பந்தத்துக்கு எதிராக ஐரோப்பிய நகரங்களில் மக்கள் தெருவில் இறங்கினர். ஜூலை 4 அன்று ஐரோப்பிய நாடாளுமன்றம் அதை 478–39 என்ற கணக்கில் நிராகரித்தது. மூடல் உத்தி எல்லா நேரமும் பலிக்கவில்லை. ஐரோப்பியப் பதிப்புரிமை நெறிமுறையை எதிர்த்து 2019 மார்ச் 21 அன்று ஜெர்மன் விக்கிப்பீடியா மூடப்பட்டது. ஐந்து நாள் கழித்து அந்நெறிமுறை 348–274 வாக்குகளில் நிறைவேறியது.