ஊரி ஏரிக்கரைக்கு ஓர் உடன்போக்கு

உடன்போக்குத் துறைப் பாடல்களை வகுப்பில் நடத்தும்போது, ஆண்டுதோறும் ஒரு மாணவராவது எழுந்து, "ஐயா, அவர்கள் எங்கேதான் போய்ச் சேர்ந்தார்கள்?" என்று கேட்பதுண்டு. தலைவனுடைய ஊருக்கு என்று சொல்லி நகர்ந்துவிடுவோம். உண்மையில் சங்கப் புலவர்கள் போகும் வழியைப் பாடிய அளவுக்குப் போய்ச் சேரும் இடத்தைப் பாடவில்லை. சுரத்தின் வெம்மை, ஆறலைப்போர், நிழலற்ற மரம் இவையே பாட்டு. அந்தச் சுரத்தை யாரும் அழகுக்காகத் தேர்ந்தெடுத்ததில்லை. அது குறுக்கே கிடந்தது, கடந்தார்கள், அவ்வளவே.

அப்படியானால் இயற்கையழகை முன்னிட்டே ஒரு மலைப்பகுதியைத் தேர்ந்து, அங்கே வாழ்வதற்கென்று காதலர் வீட்டைவிட்டுப் போன வழக்கம் எப்போது தோன்றியது? இதற்குத் திட்டவட்டமான விடை கூற இயலாது. ஆயினும் நாம் நன்கறிந்த ஒரு நிகழ்ச்சி உண்டு. ஆங்கிலக் கவி ஷெல்லியும் மேரி காட்வினும் 1814-இல் சுவிட்சர்லாந்தின் ஊரி ஏரியை நோக்கிப் போன போக்கு அது. ஷெல்லியின் வாழ்க்கை வரலாறுகள் இதனை இளமையின் வீறு என்று சில பக்கங்களில் கடந்துவிடுகின்றன. அந்த இடத்தேர்வைச் சற்று நின்று பார்க்க வேண்டும் என்பது நம் எண்ணம்.

ஷெல்லிக்கு இது இரண்டாவது உடன்போக்கு. முதலாவது 1811 ஆகஸ்டில் ஹாரியட் வெஸ்ட்புரூக்குடன். அவருக்கு அப்போது 19 வயது, ஹாரியட்டுக்கு 16. அப்போது போன ஊர் எடின்பரோ. அங்கே அழகுக்கு வேலையில்லை. 1753-இல் இயற்றப்பட்ட திருமணச் சட்டப்படி, இங்கிலாந்தில் 21 வயது நிரம்பாதவர் பெற்றோர் இசைவின்றி மணக்க முடியாது. எல்லை தாண்டி ஸ்காட்லாந்துக்குள் கால் வைத்துவிட்டால் அந்தத் தடை இல்லை. எல்லையோரச் சிற்றூரான கிரெட்னா கிரீன் புகழ்பெற்றதும் இதனால்தான். அன்றைய ஆங்கிலக் காதலருக்கு ஓடிப்போகும் திசையைக் காட்டியது சட்டப் புத்தகமே.

மூன்றாண்டுகள் கழித்து மேரியுடன் கிளம்பியபோது சட்டத்தால் ஆகக்கூடியது எதுவுமில்லை. ஹாரியட் உயிரோடிருந்தாள், ஒரு வயதுப் பெண்குழந்தை இருந்தது, வயிற்றில் மற்றொன்று. மணம் முடிக்கவே வழியில்லாதபோது எந்த ஊரானால் என்ன? திசையைத் தேரும் உரிமை முதன்முறையாகக் கற்பனையிடம் வந்து சேர்ந்தது. கற்பனைக்கு வழிகாட்டியது ஒரு நாவல்.

அந்நாவலை எழுதியவர் வேறு யாருமல்லர், மேரியின் தந்தை வில்லியம் காட்வின். 1805-இல் வெளிவந்த அவருடைய 'ஃப்ளீட்வுட்' நாவலில், ஊரி ஏரியின் பக்கத்தில் ருஃபீன்யி என்னும் முதியவர் அமைதியாக வாழ்வதாக ஒரு பகுதி வரும். அதைப் படித்த மனங்களில் அந்த ஏரி சுதந்திரமும் தனிமையும் குடிகொண்ட இடமாகப் பதிந்திருந்தது. திருமணம் என்னும் அமைப்பையே 1793-இல் தம் அரசியல் நூலில் கண்டித்தவரும் இதே காட்வின்தான். ஆனால் தம் மகளும் மாணாக்கர் போன்ற ஷெல்லியும் அதனை நடைமுறைப்படுத்த முற்பட்டபோது வாசலை அடைத்தார். தகப்பனிடமிருந்து தப்பி, தகப்பனின் புத்தகத்துக்குள் குடியேறப் போனாள் மகள். (எழுத்தாளர்களின் பிள்ளைகளுக்கு நேரும் சங்கடங்களுள் இதுவும் ஒன்று போலும்.)

காலமும் கைகொடுத்தது. நெப்போலியனுடனான போரால் ஆங்கிலேயருக்கு ஏறத்தாழப் பத்தாண்டுகள் அடைபட்டுக் கிடந்த ஐரோப்பியப் பாதைகள் 1814 ஏப்ரலில் அவர் முடிதுறந்த பின்னரே திறந்தன. மலையைக் காணும் கண்ணும் அதற்குள் மாறியிருந்தது. ஆல்ப்ஸை அச்சத்துக்குரிய தடையாகவே கண்டுவந்த ஐரோப்பியப் படிப்பாளிகளுக்கு, 1761-இல் வெளியான ரூஸோவின் 'ஜூலி' நாவல் அம்மலைகளைக் காதலுக்குரிய நிலமாக்கித் தந்தது. நமக்குக் குறிஞ்சித்திணை எப்போதோ செய்து வைத்த காரியத்தை அவர்கள் பதினெட்டாம் நூற்றாண்டில் செய்துகொண்டார்கள் என்று பெருமை பேசிக்கொள்ளத் தோன்றும். ஆனால் குறிஞ்சி களவுக்குரிய நிலம், போக்குக்குரியதன்று என்பதையும் உடன் நினைக்க வேண்டும்.

1814 ஜூலை 28 விடியற்காலையில் லண்டனிலிருந்து புறப்பட்டார்கள். மேரிக்கு 16 வயது. ஷெல்லிக்கு 22 நிறைய ஒரு வாரம் இருந்தது. மேரியின் மாற்றாந்தாய் மகளான கிளேர், அவளுக்கும் 16 வயதுதான், உடன் சென்றாள். டோவரிலிருந்து சிறு படகில் புயலிரவைக் கடந்து கலே துறைமுகத்தை அடைந்தனர். பின்னோடு வந்து சேர்ந்தார் திருமதி காட்வின். மகளைத் தேடிச் சுரத்தில் செல்லும் செவிலி நமக்குப் பழக்கமானவள். கால்வாய் கடந்து வந்த இந்தத் தாயை ஷெல்லியின் வரலாற்றாசிரியர்கள் பெரும்பாலும் நகைப்புக்கு உரியவராகவே காட்டுவது நமக்கு உவப்பாயில்லை. கிளேர் திரும்ப மறுத்துவிட்டாள். தாய் தனியே கப்பலேறினார்.

பாரிசில் பணம் தீர்ந்தது. ஷெல்லி கைக்கடியாரத்தையும் சங்கிலியையும் விற்றார். ஒருவரிடமிருந்து 60 பவுன் கிடைத்தது. நடந்தே சுவிட்சர்லாந்து போவது என முடிவாயிற்று. பெட்டியைச் சுமக்கவும், பெண்கள் மாறி மாறி ஏறிச் செல்லவும் ஒரு கழுதை வாங்கினார்கள். சில கல் தொலைவுக்குள்ளேயே அது தள்ளாட, அதனை விற்றுக் கோவேறு கழுதை ஒன்றைப் பிடித்தார்கள். சிரிப்புக்குரிய இந்தப் பயணம் சென்ற வழியோ சிரிப்புக்குரியதன்று. சில மாதங்களுக்கு முன்புதான் கொசாக்கியர் உள்ளிட்ட படைகள் அந்தப் பகுதியைச் சூறையாடியிருந்தன. எரிந்த வீடுகள், கூரையற்ற சுவர்கள், கேட்டால் பால்கூடக் கிடைக்காத சிற்றூர்கள். தாம் தேர்ந்த மலையைக் காணுமுன் தாம் தேராத பாலை ஒன்றை அவர்கள் நடந்து கடக்க வேண்டியிருந்தது.

த்ருவா என்னும் ஊருக்கு வரும்போது ஷெல்லிக்குக் கால் சுளுக்கிக்கொண்டது. அங்கிருந்து ஆகஸ்ட் 13 அன்று அவர் ஹாரியட்டுக்கு ஒரு கடிதம் எழுதினார். இந்த வரலாற்றில் நம்மை மிகவும் நிறுத்திவைக்கும் இடம் இதுவே. அவளைச் சுவிட்சர்லாந்துக்குப் புறப்பட்டு வரச் சொல்கிறார். அங்கே உறுதியான நண்பன் ஒருவனேனும் அவளுக்கு இருப்பான் என்கிறார். மலைகளின் நடுவே அவளுக்கென இனிய ஒதுக்கிடம் ஒன்றைத் தாமே தேடித் தருவதாகவும் எழுதுகிறார். கருவுற்று ஐந்து மாதத்துக்கு மேலான மனைவிக்கு, வேறொருத்தியுடன் போகும் வழியிலிருந்து எழுதப்பட்ட கடிதம்! இதில் வஞ்சம் இல்லை என்றே நாமும் நம்புகிறோம். வஞ்சமற்ற ஒருவர் இதை எழுத முடிந்தது என்பதுதான் அச்சமூட்டுகிறது. அந்த மலை அவர் உள்ளத்தில் எல்லாரையும் கொள்ளுமளவுக்கு விரிந்திருந்தது. அங்கே கணவனுமில்லை, மனைவியுமில்லை, பிள்ளைப்பேறுமில்லை. ஹாரியட் போகவில்லை. நவம்பரில் லண்டனில் மகனைப் பெற்றாள்.

நியூஷாட்டெல் அருகே ஆல்ப்ஸ் முதன்முதலாகத் தென்பட்டது. அங்கே கிடைத்த 38 பவுனை வெள்ளி நாணயமாக மூட்டை கட்டி, அதன் கனத்தில் தள்ளாடியபடி ஷெல்லி விடுதிக்கு வந்ததை மேரி எழுதுகிறாள். லூசர்னிலிருந்து படகேறிப் புருன்னென் என்னும் சிற்றூரில் இறங்கினார்கள். எதிரே ஊரி ஏரி. நீரிலிருந்து செங்குத்தாய் எழும் மலைகள். கரையில் வில்லியம் டெல்லின் பெயரிலான சிறு தேவாலயம். நாவலில் படித்தது பொய்யன்று. இடம் அழகாகவே இருந்தது.

ஆனால் வீடு கிடைக்கவில்லை. கிடைத்தது பெரிய அவலட்சணமான கட்டடம் ஒன்றில் இரண்டு அறைகள். மாதம் ஒரு கினி வாடகைக்கு ஆறு மாதம் பேசினார்கள். மழை பிடித்துக்கொண்டது. கணப்பு அடுப்பு சரிவர எரியவில்லை. அந்த அறையில் அமர்ந்துதான் ஷெல்லி 'அசாசின்ஸ்' என்னும் உரைநடைக் கதையைத் தொடங்கினார்: எருசலேமை விட்டகன்ற ஒரு கூட்டத்தார் லெபனான் மலைப் பள்ளத்தாக்கில் குற்றமற்ற வாழ்வு வாழும் கதை. அது முடிவுபெறவேயில்லை. எஞ்சிய பணத்தை எண்ணிப் பார்த்தபோது 28 பவுன் இருந்தது. டிசம்பர் வரை வேறு வரவு உறுதியில்லை. குடியேறிய இரண்டொரு நாளிலேயே திரும்புவதென முடிவு செய்து, ஆகஸ்ட் 27 அன்று படகேறிவிட்டார்கள். நிலவழியைவிட நீர்வழி மலிவு என்பதால் ராய்ஸ் ஆறு, ரைன் ஆறு வழியாக இறங்கி, செப்டம்பர் 13 அன்று கப்பல் கட்டணம் கொடுக்கவும் காசில்லாமல் இங்கிலாந்துக் கரையில் இறங்கினார்கள்.

அந்தக் காசுக்காக ஷெல்லி சென்றது ஹாரியட் இருந்த வீட்டுக்கு. மேரியும் கிளேரும் வெளியே வாடகை வண்டியில் இரண்டு மணிநேரம் காத்திருந்தார்கள்.

1816 டிசம்பர் 10 அன்று லண்டன் ஹைடு பூங்காவின் செர்ப்பன்டைன் ஏரியில் ஹாரியட்டின் உடல் கண்டெடுக்கப்பட்டது. அம்மாதம் 30-ஆம் நாள் ஷெல்லி-மேரி திருமணம் நடந்தது. காட்வின் வாசலைத் திறந்தார்.

மறு ஆண்டு, 1817-இல், இந்தப் பயணக் குறிப்புகளை மேரி ஆசிரியர் பெயரின்றி 'ஆறு வாரப் பயணத்தின் வரலாறு' என்னும் பொருள்படும் தலைப்பில் நூலாக்கினாள். கணவருடனும் சகோதரியுடனும் போன சுற்றுலாவாகவே முன்னுரை அதனைச் சொல்கிறது. கழுதை உண்டு, கணப்பு அடுப்பு உண்டு, வாடகைக் கணக்கு உண்டு. த்ருவாவிலிருந்து எழுதிய கடிதம் இல்லை. ஆனால் ஏரிப்பகுதியில் அவர்கள் அறிந்த ஓர் உள்ளூர்க் கதை இருக்கிறது. பாதிரியார் ஒருவரும் அவர் காதலியும் ஊராரின் தொல்லைக்கு அஞ்சி ஓடிவந்து பனிமலையின் அடியில் குடிசை கட்டி வாழ்ந்தார்களாம். ஒரு குளிர்கால இரவில் பனிச்சரிவு இருவரையும் மூடிவிட்டது. புயலடிக்கும் இரவுகளில் அவர்கள் உதவி கேட்டு அழைக்கும் குரல் இன்னும் கேட்குமாம்.

மேரி இதனை மறக்கவில்லை. 1818-இல் வெளிவந்த 'ஃபிராங்கன்ஸ்டைன்' நாவலில், ரைன் நதியில் படகில் செல்லும்போது கிளெர்வல் தன் நண்பனிடம் ஊரி ஏரியைப் பற்றிப் பேசுவான். மலை, புயல், அலை எல்லாம் சொல்லி வருகையில் அந்தப் பாதிரியாரையும் காதலியையும் சொல்வான்.