முகத்துவாரங்கள் இரண்டு, நிலைமைகள் எட்டு: பல்கரு இணைச்செயலியில் மட்டக்களப்பு வாவி

மட்டக்களப்பு வாவி கடலைத் தொடுவது பாலமீன்மடுவிலும் கல்லாற்றிலும். வறட்சியில் மணல்திட்டு வாயை அடைக்கும். மாரி வெள்ளம் அதை உடைக்கும், இல்லாவிட்டால் வெட்டிவிடுவார்கள். எப்போது வெட்டுவது என்பதில், வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையின் வயற்காரரும் வாவி மீனவரும் எப்போதும் ஒத்துப்போவதில்லை. அங்கே உதவ வரும் கணினி மாதிரி ஒற்றை விடையோடு வந்து பயனில்லை. பல்கரு இணைச்செயலிக்கான செய்நிரலின் அமைப்பே இந்தத் தேவையிலிருந்து பிறக்கவேண்டும் என்பது என் வாதம்.

இன்டெல் 2012 இல் வெளியிட்ட சியோன் ஃபை 5110பி என்ற பல்கரு இணைச்செயலி அட்டையில் 60 கருக்கள். கருவுக்கு 4 இழைகள். 512 பிற் வெக்டர் அலகு, அதாவது ஒரே கட்டளையில் 8 இரட்டைத் துல்லிய எண்கள். புனேயில் சி-டாக் நிறுவனம் 2013 இல் அமைத்த பரம் யுவா 2 மீக்கணினி இவ்வகை அட்டைகளைக் கொண்டிருந்தது. பழைய ஃபோட்ரான் செய்நிரலை மறுபடி தொகுத்தால் போதும் என்றார்கள். ஓடத்தான் செய்யும். ஆனால் தனிக்கரு மெதுவானது. வெக்டரை நிரப்பாதவருக்கு எட்டில் ஒரு பங்கு வலுவே கிட்டும்.

வாவியின் பரப்பு சுமார் 141 சதுர கிலோமீற்றர். 20 மீற்றர் கட்டங்களாக்கினால் ஏறத்தாழ 352,500 கட்டங்கள். 240 இழைகளுக்குப் பங்கிட்டால் இழைக்கு 1,470 மட்டுமே. ஆழத்தை 4 மீற்றர் எனக் கொண்டால் அலை செக்கனுக்கு 6.3 மீற்றர் செல்லும். காலப்படி 3 செக்கனுக்கு மேல் போகாது. ஒரு நாளுக்கு 28,800 படிகள், ஒவ்வொன்றின் முடிவிலும் எல்லா இழைகளும் காத்திருக்கவேண்டும். கட்டங்களை இன்னும் பொடியாக்கலாமே என்பார்கள். அவ்வளவு நுணுக்கமான ஆழ அளவீடு கையில் இல்லாதபோது அது வெறும் அலங்காரம்.

அடுத்த தொல்லை கரை. கண்டலும் சேற்றுநிலமும் வயலும் ஒரு படியில் நனைந்து மறு படியில் வறளும். அருகருகான எட்டுக் கட்டங்களை வெக்டரில் அடுக்கினால் பாதி நீரில், பாதி நிலத்தில் இருக்கும். மறைத்துவிட்ட இடங்கள் வீண். அதற்குப் பதிலாக, வாயை வெட்டுவதா, எங்கே, எவ்வளவு என்பதன் எட்டு மாற்றுகளை எட்டு நிலைமைகளாகக் கொண்டு, ஒரே கட்டத்தின் அந்த எட்டையும் அடுத்தடுத்து வைக்கலாம்: அணியில் மிக உள்ளே ஓடும் சுட்டி, இடமல்ல, நிலைமை. கல்லடிப் பாலத்தடி எட்டிலும் நீர்தான்; மேட்டுநிலம் எட்டிலும் நிலந்தான். வெள்ளத்தின் விளிம்பிலும் வெட்டுவாயிலும் மட்டுமே அவை பிரியும். ஆழ வரைபடத்தை ஒருமுறை வாசித்தால் எட்டுக்கும் போதும். ஒரு காத்திருப்பில் எட்டு விடைகள் முன்னேறும்.

இதற்கு விலையும் உண்டு. நீர்மட்டமும் இரு திசை ஓட்டமும் ஒரு நிலைமைக்கு 8.5 மெகாபைற்று, இரண்டாம் நிலைப் பதுக்ககம் 60 கருக்களுக்கும் சேர்த்து 30 மெகாபைற்று. ஒன்று அடங்கும், எட்டு அடங்காது. காலப்படியையும் எட்டில் வேகமான வெள்ளமே எல்லாவற்றுக்கும் விதிக்கும். இவற்றைத் தெரிந்தே ஏற்கலாம் என்பது என் கணிப்பு. சியோன் ஃபை வரிசையை இன்டெல் பின்னர் கைவிட்டது. ஆனால் 512 பிற் வெக்டர் அதன் சேவையகச் செயலிகளுக்கு வந்துவிட்டது, என்விடியா அட்டைகளில் இழைகள் 32 ஆகச் சேர்ந்தே நகர்கின்றன. இந்த அடுக்குமுறை அங்கும் செல்லும்.

எட்டு இடங்களையும் எப்படி நிரப்புவது? 2011 சனவரி வெள்ளத்தின் மழையை எல்லாவற்றுக்கும் கொடுத்து, பாலமீன்மடு மட்டும், கல்லாறு மட்டும், இரண்டும் என்ற மூன்றையும் இரு அகலங்களில் வெட்டிப் பார்க்கலாம். ஏழாவது, எதையும் வெட்டாமல் விடுவது. எட்டாவதை வயற்காரரும் மீனவரும் சொல்லட்டும்.