ஸ்ட்ரெப்டோமைசின் காட்டிக்கொடுத்த ரைபோசோம்

உயிரணு புரதம் தொகுக்கும் விதம் அறியப்பட்ட வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் ஆய்வகத்தில் தொடங்கி மருத்துவமனையில் முடிப்பார்கள். அடிப்படை அறிவியல் முதலில் கண்டறிந்தது, மருத்துவம் பிறகு பயன்படுத்திக்கொண்டது என்பது அவர்கள் காட்டும் வரிசை. ஸ்ட்ரெப்டோமைசினின் கதை இந்த வரிசைக்கு அடங்குவதில்லை. 1943இல் அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில், செல்மன் வாக்ஸ்மனின் ஆய்வகத்தில் ஆல்பர்ட் ஷாட்ஸ் இதைப் பிரித்தெடுத்தபோது, உயிரணுவில் புரதம் தொகுக்கப்படும் இடமான ரைபோசோமுக்கு அந்தப் பெயரே பிறந்திருக்கவில்லை. பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சி மன்றம் 1948இல் வெளியிட்ட ஆய்வில், இந்த மருந்தைப் பெற்ற 55 நுரையீரல் காசநோயாளிகளில் ஆறு மாதத்துக்குள் 4 பேர் இறந்தார்கள். படுக்கை ஓய்வு மட்டும் பெற்ற 52 பேரில் 14 பேர் இறந்தார்கள். மருந்து வேலை செய்கிறது என்பதில் ஐயமில்லை; எப்படிச் செய்கிறது என்பதுதான் விளங்கவில்லை. அதே ஆய்வில் மருந்துக்கு மசியாத கிருமிகளும் தலைதூக்கின. விளங்காத அந்த மருந்தும் மசியாத அந்தக் கிருமிகளும்தான் பின்னாளில் ரைபோசோமின் உண்மையான பணியை வெளிக்கொணர்ந்தன என்பது என் வாதம்.

1950களில் பாஸ்டனில் பால் ஜமெக்னிக்கின் குழு எலியின் ஈரலை அரைத்தெடுத்த சாற்றிலேயே அமினோ அமிலங்கள் புரதமாகக் கோக்கப்படுவதைக் காட்டியது. 1961இல் பெதஸ்டாவில் நீரென்பெர்கும் மத்தேயியும் யுரேசில் மட்டுமே கொண்ட செயற்கை ஆர்.என்.ஏ.வை இத்தகைய பாக்டீரியச் சாற்றில் இட்டார்கள். ஃபீனைல்அலனின் மட்டுமே கோத்த சங்கிலி கிடைத்தது. மரபுக் குறியீட்டின் முதல் சொல் படிக்கப்பட்டுவிட்டது. ஆனால் யார் படிப்பது? குறியீட்டைச் சுமக்கும் தூது ஆர்.என்.ஏ.வும் அமினோ அமிலத்தைக் கொண்டுவரும் கடத்து ஆர்.என்.ஏ.வும் தமக்குள் பொருந்திக்கொள்கின்றன, ரைபோசோம் அவற்றுக்கு இடம் கொடுக்கும் மேடை மட்டுமே என்றுதான் அப்போது பலரும் கருதினார்கள்.

அந்தக் கருத்தை உடைத்தது 1964இல் ஹார்வர்டில் ஜூலியன் டேவிஸ், வால்டர் கில்பர்ட், லூய்ஜி கோரினி மூவரும் செய்த சோதனை. குழாயில் அதே யுரேசில் ஆர்.என்.ஏ.; அதனுடன் ஸ்ட்ரெப்டோமைசின். சங்கிலியில் இப்போது ஃபீனைல்அலனினோடு ஐசோலூசினும் வந்து சேர்ந்தது. யு-யு-யு என்பதற்கும் ஐசோலூசினின் ஏ-யு-யு என்பதற்கும் ஒரே எழுத்துதான் வேறுபாடு. அந்த ஓரெழுத்துப் பிழை மருந்தின் முன்னிலையில் நழுவி உள்ளே வந்துவிட்டது. மருந்துக்கு மசியாத கிருமியின் ரைபோசோமை இட்டாலோ இந்தப் பிழை ஏறக்குறைய மறைந்துபோனது. தூது மாறவில்லை, மருந்து மாறவில்லை. மாறியது ரைபோசோம் ஒன்றுதான். ஆகவே சரி, தவறு பார்ப்பதில் ரைபோசோமுக்கு நேரடிப் பங்கு இருந்தாக வேண்டும். 1969இல் நொமுராவின் குழு ரைபோசோமின் சிறு பகுதியைப் பிரித்து மறுபடி கட்டியபோது, எதிர்ப்புத் திறன் எஸ்12 என்ற ஒரே புரதத்தோடு சேர்ந்து இடம்பெயர்ந்தது. இருபதாம் நூற்றாண்டு உயிரியலின் மிகத் தெளிவான சோதனைகளில் இவற்றைத் தயங்காமல் சேர்ப்பேன்.

என் வாதத்தை மறுப்போர் சொல்லக்கூடியது: மருந்து ஒரு தற்செயலான கருவி, எக்ஸ்-கதிர்ப் படிகவியல் வந்ததும் ரைபோசோமின் அமைப்பு எப்படியும் தெரிந்திருக்கும். அமைப்பு தெரிந்திருக்கும் என்பது உண்மைதான். அடா யோனத் 1980 முதல் அந்தப் பாதையில் உழைத்தார். சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணனும் தாமஸ் ஸ்டைட்ஸும் அவரும் 2009இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். ஆனால் அமைப்பைப் பார்ப்பது வேறு, வேலையைப் புரிந்துகொள்வது வேறு. 2000ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜில் ராமகிருஷ்ணனின் குழு சிறு பகுதியின் அமைப்போடு, மருந்துகள் ஒட்டிய நிலையிலான அமைப்பையும் வெளியிட்டது. அதில் ஸ்ட்ரெப்டோமைசின் வகையைச் சேர்ந்த பாரோமோமைசின், ரைபோசோமின் சொந்த ஆர்.என்.ஏ.வில் 1492, 1493ஆம் இடங்களிலுள்ள இரு அடினின்களை வெளிப்புறம் தள்ளி நிறுத்தியிருந்தது. சரியான கடத்து ஆர்.என்.ஏ. வந்து பொருந்தும்போதும் அதே இரண்டும் வெளியே புரண்டு, பொருத்தத்தைத் தடவிப் பார்க்கின்றன என்று 2001இல் தெரிந்தது. மருந்து அந்தச் சம்மதத்தை முன்கூட்டியே வாங்கிவிடுகிறது. அதனால்தான் பிழை நுழைகிறது. பெரிய பகுதியில் அமினோ அமிலங்கள் இணையும் இடத்தை ஸ்டைட்ஸின் குழு அடையாளம் கண்டதும் பியூரோமைசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லியை உறுப்பாகக் கொண்ட சேர்மத்தின் துணையால்தான்.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கனமானது. இத்தனை அறிவு திரண்டபின் மருத்துவத்துக்குத் திரும்பக் கிடைத்தது என்ன? ரைபோசோமைத் தாக்கும் மருந்துகளில் பெரும்பாலானவை மண்ணிலிருந்து வந்தவை. 2000இல் அனுமதி பெற்ற லினெசோலிடுகூட இந்த அமைப்புப் படங்களைப் பார்த்து வடிவமைக்கப்பட்டதல்ல. இதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் புதிய மருந்துகளின் எண்ணிக்கையை மட்டும் கொண்டு அளப்பது குறுகிய அளவுகோல். காசநோய்க் கிருமி ஸ்ட்ரெப்டோமைசினுக்கு மசியுமா என்பதை அறிய, எஸ்12 புரதத்தின் மரபணுவில் 43ஆவது இடத்தில் லைசின் ஆர்ஜினினாக மாறியிருக்கிறதா என்று இன்று பார்க்க முடிகிறது. கோரினியும் நொமுராவும் தேடியதன் நேரடி வாரிசு இது.

செவித்திறன் இழப்பிலும் அப்படியே. ஸ்ட்ரெப்டோமைசின் வகை மருந்துகளால் சிலருக்கு ஓரிரு தவணைகளிலேயே காது கேட்காமல் போவதும், அது தாய்வழிக் குடும்பங்களில் தொடர்வதும் நெடுநாள் விளங்காதிருந்தது. 1993இல் காரணம் தெரிந்தது: தாய்வழி மட்டுமே வரும் மைட்டோகாண்ட்ரியத்தின் ரைபோசோம் ஆர்.என்.ஏ.வில் 1555ஆம் இடத்தில் ஓர் அடினின் குவானினாக மாறியிருக்கிறது. அது பாக்டீரியத்தில் 1491ஆம் இடத்துக்கு இணையானது, சரிபார்க்கும் அந்த இரு அடினின்களுக்கு ஒட்டிய இடம். அந்த ஓரெழுத்து மாற்றத்தால் மனித மைட்டோகாண்ட்ரிய ரைபோசோமின் அந்த மூலை பாக்டீரியத்துடையதைப் போல ஆகிவிட, கிருமிக்கு வைத்த மருந்து நோயாளியின் உட்செவியையும் பிடித்துக்கொள்கிறது. மான்செஸ்டர் மருத்துவர்கள் 2022இல் வெளியிட்ட ஆய்வில், தீவிரச் சிகிச்சைக்கு வந்த பச்சிளம் குழந்தையின் கன்னத்தின் உட்புறத்தைத் துடைத்தெடுத்து அரை மணி நேரத்துக்குள் இந்த மாற்றத்தைக் கண்டறிந்தார்கள்; மாற்றம் இருந்த குழந்தைகளுக்கு ஸ்ட்ரெப்டோமைசின் வகை மருந்தான ஜென்டாமைசினை விடுத்து வேறு மருந்து கொடுத்தார்கள்.